சேனல் பதினாறில் ஒரு தமிழ்க் குரல் வேண்டும்

கொழும்பு பாதுகாப்பு மாநாட்டின் செயலகத்துக்கும், அதன் ஆறு உறுப்பு நாடுகளின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். ராமேசுவரத்தில் படகுகளின் விஎச்எஃப் ரேடியோ செட்டுகளையும் ஜிபிஎஸ் கருவிகளையும் பழுதுபார்க்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் தொழில். கடை என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், உப்பு ஏறிப் பச்சை பூத்த ஆன்டெனா கனெக்டர்கள் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்று. ஆன்டெனா மட்டும் பக்கத்து லாட்ஜின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிற்கிறது. லாட்ஜ்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை டிவி ரிப்பேர் இலவசம், அதுதான் வாடகை. மேசை ஓரத்தில் ஒரு செட் காலையிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை சேனல் பதினாறில் ஓடிக்கொண்டே இருக்கும். சரிபார்த்த செட்டுகளைச் சோதிக்க வைத்தது. இப்போது அது பேசாமல் கிடந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை.

சேனல் பதினாறு எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகத்தில் எந்தக் கடலானாலும் ஆபத்தில் கூப்பிடுகிற அலைவரிசை. இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

2025 நவம்பர் 20 அன்று நீங்கள் டெல்லியில் கூடியதைப் பத்திரிகையில் படித்தேன். 2011-இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தொடங்கிய பேச்சு இது. 2014-க்குப் பிறகு ஆறு வருஷம் படுத்துக் கிடந்து, 2020-இல் கொழும்பில் மறுபடி எழுந்தது. 2022-இல் மொரீஷியஸ் வந்தது, 2024-இல் வங்கதேசம், இப்போது சீஷெல்ஸ். நீங்கள் வைத்திருக்கிற ஐந்து தலைப்புகளில் முதல் தலைப்பு கடல் பாதுகாப்பு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டெல்லிக்குத் தனியாக, கொழும்புக்குத் தனியாக எழுதினால் இது மீனவர் பிரச்சினை என்கிற கோப்புக் கட்டுக்குள் செருகப்பட்டு, அந்தக் கட்டோடு அலமாரி மேலே ஏறிவிடும். அந்தக் கட்டின் கனம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும், இரண்டு கரையிலும், இருபத்துநாலு மணி நேரமும் ரேடியோவில் தமிழில் பதில் சொல்ல ஓர் ஆள்.

இது என்ன பெரிய கோரிக்கை என்று தோன்றும். ஓர் இரவைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம். கச்சான் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரவு எட்டேகால் இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். செட்டில் ஒரு குரல்.

"சார்... சார்... யாராச்சும் கேக்குறீங்களா? இன்ஜின் நின்னுபோச்சு சார். காத்து இழுத்துக்கிட்டுப் போகுது."

தென்கடலுக்குத் தொழிலுக்குப் போன நாட்டுப்படகு. சில இரவுகளில் கடல்மேல் ரேடியோ அலை வழக்கத்தைவிடத் தூரம் ஓடும்; அன்றைக்கு அப்படி ஓர் இரவு, குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ரோந்துக் கப்பல் பதில் கொடுத்தது. எந்த நாட்டுக் கப்பல் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை.

"ஃபிஷிங் வெசல், ஃபிஷிங் வெசல். ஸ்டேட் யுவர் பொசிஷன் அண்ட் இன்டென்ஷன். ஓவர்."

எங்கே நிற்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறது. கொஞ்சம் மௌனம். பிறகு எங்கள் ஆள் சொன்னார்: "ஆமா சார், டென்ஷனாத்தான் இருக்கு. மூணு பேரு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்கவில்லை. அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில் வந்தபோது சிரிப்பு நின்றுபோனது. கப்பல்காரர் மறுபடி கேட்டார், மெதுவாக. மறுபடி, சத்தமாக. காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக. அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம் அது. படகுக்காரர் ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் குரல் கொஞ்சம் கரகரத்துத் தேய்வது எனக்குத் தெரிந்தது. பேட்டரி இறங்குகிறது. என் மேசையில் இருப்பது கேட்கிற செட். அதில் மைக் கிடையாது, கரையிலிருந்து அலையில் பேச எனக்கு லைசென்ஸும் கிடையாது. கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டதைச் சொன்னேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவரும் கேட்டது, "பொசிஷன் என்ன?" என்றுதான். அது எனக்கும் தெரியாது.

அப்போது மூன்றாவதாக ஒரு குரல், மன்னார்ப் பக்கத்து இலங்கைத் தமிழில், குறுக்கே வந்தது.

"தம்பி, இது பேசாலை போட். அவை கேக்கிறது நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு. ஜிபிஎஸ்ஸில என்ன நம்பர் காட்டுது? பதறாமல் வடிவாச் சொல்லுங்கோ."

"அண்ணே... ஒம்பது, பூஜ்யம் மூணு. எழுவத்தொம்பது, முப்பத்திமூணு."

எல்லைக்கோடு அந்த இடத்தில் எழுபத்தொன்பது டிகிரி முப்பத்தொன்றரை நிமிஷ வாக்கில் போகிறது. இவர்கள் முப்பத்திமூன்றில் நிற்கிறார்கள். வரைபடத்தில் ஒன்றரை நிமிஷம், தண்ணீரில் ஒன்றரைக் கடல் மைல். காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கச்சானுக்கு மன்னார் வளைகுடாவில் கோடு போட்ட 1976 ஒப்பந்தம் தெரியாது.

பேசாலைக்காரர் அந்த எண்களைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கப்பலுக்குச் சொன்னார். "நைன், சீரோ த்ரீ, நோர்த்..." படகில் தண்ணீர் ஏறுகிறதா, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று கப்பல் கேட்டதைத் தமிழாக்கி இந்தப் பக்கம் சொன்னார். கால் மணி நேரம் ஒரு மனிதர் தன் வலையை விட்டுவிட்டு இரண்டு அரசாங்கத்துக்கு நடுவே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். எத்தனை நாள் கழித்து, எதில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்பதெல்லாம் தனிக்கதை. அந்தப் பேசாலைக்காரர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வலையை எங்கள் ஊர் இழுவைப்படகு எத்தனை தடவை அறுத்திருக்கிறதோ, அதுவும் தெரியாது.

அவர் அன்றைக்குச் செய்த வேலைக்கு உங்களிடம் ஒரு பதவி கூட இல்லை. அதை உண்டாக்குங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2020 செப்டம்பரில் நியூ டைமண்ட் கப்பல் குவைத்திலிருந்து பாராதீப்புக்கு சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போகும்போது இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சின. அந்த எண்ணெய் கடலில் கொட்டியிருந்தால் இரண்டு கரையிலும் ஒரு தலைமுறைக்குத் தொழில் இருந்திருக்காது. அடுத்த வருஷம் மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்தபோதும் அப்படித்தான். அந்தக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை, பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் வெள்ளையாக ஒதுங்கியது. ஆனால் உதவி வருமா, யாரைக் கூப்பிடுவது என்ற தடுமாற்றம் இல்லை. டெல்லியில் நீங்கள் கூடிப் பிரிந்த அடுத்த வாரமே டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. இலங்கைக் கடற்படை விழாவுக்காகக் கொழும்பில் வந்து நின்ற இந்தியப் போர்க்கப்பல் விக்ராந்திலிருந்தே நிவாரணம் இறங்கியது. 1991-இல் இந்தியாவும் மாலத்தீவும் ஆரம்பித்த தோஸ்தி கடல் கூட்டுப் பயிற்சியில் 2012 முதல் இலங்கையும் இருக்கிறது. 2005 முதல் இந்திய, இலங்கைக் கடற்படைகளின் ஸ்லினெக்ஸ் பயிற்சி நடக்கிறது. பழகிய கைகள் என்பதால்தான் தீயணைக்கும்போது தடுமாறவில்லை.

ஆக, பெரிய கப்பல் என்றால் உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறது. சிக்கல் சின்னப் படகில்தான் இருக்கிறது. காரணமும் எளிது. சர்வதேசப் பயணம் போகிற 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஏஐஎஸ் கருவி வைத்திருக்க வேண்டும். தன் பெயர், இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொண்டு போகும், அதற்கு வாய் தேவையில்லை. 2018 டிசம்பரில் குருகிராமில் இந்தியக் கடற்படை ஆரம்பித்த தகவல் மையத்தின் திரையில் அப்படிப்பட்ட கப்பல்கள் எல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அங்கே இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், சீஷெல்ஸ் அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் பாருங்கள், கடலைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்ட ஊரில் இரண்டு நாட்டு அதிகாரியும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். தனுஷ்கோடியும் தலைமன்னாரும் முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. 1914 முதல் 1964 புயல்வரை போட் மெயில் ரயிலில் வந்து கப்பல் ஏறி அந்தப் பக்கம் போன தூரம். இங்கே ஒரு நாற்காலி கூட மாற்றிப் போடவில்லை.

புள்ளியாகத் தெரியாத படகுக்கு இருப்பது வாய் மட்டும். அந்த வாய் பேசுவது தமிழ்.

இந்தியா 60 லட்சம் டாலர் செலவில் கொழும்பில் அமைத்துக் கொடுத்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை மையம் கொழும்புக் கடற்படைத் தலைமையகத்தில், துணை மையம் அம்பாந்தோட்டையில். ஆளில்லா நிலையங்கள் காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லராவ, பருத்தித்துறை, முள்ளிக்குளம் ஆகிய ஊர்களில். இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கடைசி இரண்டு ஊருக்கும் எதிரே கடலில் நிற்கிற படகு எந்தக் கரையிலிருந்து வந்திருந்தாலும், பயந்துபோனால் கத்தப்போவது தமிழில். அந்த நிலையங்கள் கேட்பதை ஹெட்ஃபோனில் வாங்குகிற அறையில், ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் மகிழ்ச்சியோடு என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதே கேள்வியை எங்கள் பக்கத்து மண்டபம், சென்னை கடலோரக் காவல் படை ரேடியோ அறைகளுக்கும் கேட்கிறேன். எங்கள் பக்கப் படைகளில் பஞ்சாபிலிருந்தும் உத்தரகண்டிலிருந்தும் வந்து நல்லபடியாக வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு "தண்ணி ஏறுது" என்று ஒருவன் கத்தினால், அது குடிதண்ணீரா கடல்தண்ணீரா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சட்டம் புதிதாக ஒன்றும் போட வேண்டாம். இலங்கை அரசியலமைப்பே தமிழை ஆட்சிமொழி என்கிறது, 1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் அது. கரையில் பெயர்ப்பலகைக்கு வந்த மொழி கடலில் ரேடியோவுக்கு வந்தால் போதும்.

இதைத் தமிழன் தமிழுக்காகக் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆறு நாட்டு வரைபடத்தை எடுத்துக் கடல் எல்லைகளை விரலால் தடவிப் பாருங்கள். வடக்கே இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே எல்லையின் இரண்டு பக்கமும் வங்காளம். 2025 ஜனவரியில் இரண்டு நாடும் மீனவர்களைப் பரிமாறிக்கொண்டபோது இந்தியாவுக்கு 95 பேர், வங்கதேசத்துக்கு 90 பேர் திரும்பினார்கள். எல்லோரும் ஒரே பாஷையில்தான் அழுதிருப்பார்கள். தெற்கே லட்சத்தீவின் மினிக்காயில் பேசுகிற மகலும் மாலத்தீவின் திவேஹியும் ஒரே மொழியின் இரண்டு பேச்சு. மொரீஷியஸ், சீஷெல்ஸ் இரண்டிலும் மக்கள் பேசுவது கிரியோல். இங்கே தமிழ். உங்கள் கடல் எல்லை எங்கெல்லாம் குறுகலோ அங்கெல்லாம் அது ஒரு மொழியின் நடுவே போகிறது. கப்பல்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றன. படகுகள் அப்படி இல்லை. இதை ஒரு குறையாகப் பார்க்கிறவர்கள் இருக்கலாம். கையில் கிடைத்த இலவச அலைவரிசை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆபத்தில் கிடக்கிறவர்களைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். பாதுகாப்பு என்று நீங்கள் சொல்கிற விஷயத்துக்கே வருகிறேன். இந்தக் கடலில் என்ன கடத்துகிறார்கள் என்பது எங்கள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து பீடி இலை போகும், மஞ்சள் போகும், கஞ்சா போகும். அங்கிருந்து தங்கம் வரும். கடல் அட்டையைப் பிடிப்பது இங்கே 2001 முதல் குற்றம், அங்கே உரிமம் வாங்கினால் தொழில். அதனால் அட்டைக்குக் கால் முளைத்து எல்லை தாண்டுகிறது. இந்த வியாபாரம் எல்லாமே நடுக்கடலில் கைமாறுகிறது, அதுவும் சுத்தத் தமிழில். கடத்துகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, இரண்டு பக்கமும் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அவர்களைத் துரத்துகிற இரண்டு படைக்கும்தான் நடுவில் ஆள் தேவைப்படுகிறது.

2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பத்துப் பேரும் குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைப் பிடித்து, அதன் தண்டலை, அதாவது படகுத் தலைவரை, கொன்று, அதில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு மீனவர்தான் கடலின் கண்ணும் காதும் என்று ஒவ்வொரு விழிப்புணர்வுக் கூட்டத்திலும் எங்களுக்குச் சொல்கிறார்கள். தொப்பி தருகிறார்கள், டீ ஷர்ட் தருகிறார்கள், மதியம் பிரியாணிப் பொட்டலம். சந்தேகமான படகைப் பார்த்தால் சொல் என்கிறார்கள். பார்த்ததைச் சொல்ல ஒருவன் ரேடியோவை எடுத்ததும், மறுமுனையில் இருப்பவர் முதல் வாக்கியத்திலேயே இன்டென்ஷன் என்ன என்று கேட்டால், அடுத்த முறை அவன் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவான். காதைக் கேட்டு வாங்கிவிட்டு வாயை அடைத்தால் எப்படி?

இனி கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் மேற்படி எல்லாம் சொன்னால், மன்னாரில் இதைப் படிக்கிறவர் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவார்.

எங்கள் விசைப்படகுகள் எல்லை தாண்டிப் போய் மடி, அதாவது அடிக்கடலை வாரும் வலை, இழுக்கின்றன. கச்சான் தள்ளியதால் அல்ல, தெரிந்தே. 1974-இல் பாக் நீரிணையில் கோடு போட்டபோது இருந்த மீன்வளமும் படகு எண்ணிக்கையும் வேறு. எங்கள் பக்கத்து அடிக்கடலை நாங்களே வழித்து முடித்துவிட்டோம். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருஷம் இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. அந்தத் திட்டம் எந்த வேகத்தில் நகர்ந்தது என்பதைத் துறைமுகத்தில் வந்து நின்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் விசைப்படகுக்காரர்கள். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு சிலர் செட்டை வேறு கடைக்கு எடுத்துப் போகலாம். போகட்டும்.

அதனால் வருகிற ஆட்சேபணையும் எனக்குத் தெரியும். ரேடியோவில் தமிழில் உதவி கேட்கலாம் என்று வந்துவிட்டால், எல்லை தாண்டி மாட்டிக்கொள்கிற ஒவ்வொருவனும் "இன்ஜின் ரிப்பேர்" என்பான். என்பான், உண்மைதான். இப்போதே சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கவும் அதே பாஷைதான் வேண்டும். எந்த இன்ஜின், என்ன சத்தம் கேட்டது, கடைசியாக எந்த இடத்தில் வலை போட்டாய், ஐஸ் எத்தனை பார் ஏற்றினாய் என்று நாலு கேள்வி கேட்டால், தொழில் தெரிந்த தமிழ்க்காரருக்கு இரண்டு நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிடும். மடி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தால் மிச்சமும் தெரியும். முதலில் ஆளைத் தூக்குங்கள், பிறகு வழக்குப் போடுங்கள். கடலில் ஆபத்தில் இருப்பவனுக்கு உதவ வேண்டும் என்பது ஐநா கடல் சட்டத்தின் 98-ஆம் பிரிவு. அதில் எல்லைக்கோட்டுக்கு விதிவிலக்கு இல்லை.

செத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில் ரோந்துக் கப்பலோடு மோதி ஒரு விசைப்படகு மூழ்கியது. நாலு பேர், அதில் ஒருவர் மண்டபம் அகதி முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். 2024 ஜூனில் இந்திய இழுவைப்படகைப் பிடிக்கும்போது ஓர் இலங்கைக் கடற்படை வீரர் செத்தார். அந்தச் செய்தி எங்கள் பக்கத்தில் ஒரு மூலையில்தான் வந்தது, அது எனக்கு வெட்கம். அதே வருஷம் ஆகஸ்டில் ராமேசுவரத்துப் படகு ஒன்று மோதலில் கவிழ்ந்து ஒருவர் இறந்தார், ஒருவரைக் காணவில்லை. 2025 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டில் காரைக்கால் படகில் இரண்டு பேருக்குப் பலத்த காயம். சுடுவதே கூடாது என்று 2008 அக்டோபரிலேயே இரண்டு அரசும் ஒத்துக்கொண்டிருந்தன. மொழி தெரிந்திருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் படகுகளில் நான் இல்லை. ஆனால் இருட்டில் வேகமாக ஒரு கப்பல் நெருங்கும்போது ஒலிபெருக்கியில் வருவது என்ன பாஷை? "நிறுத்து" என்பது அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது? பயந்தவன் இன்ஜினை ஏற்றித் திருப்புவானா, இறக்குவானா? எதிரிகளாக நின்ற அமெரிக்காவும் சோவியத்தும் கூட 1972-இல், கடலில் நெருங்கும்போது எப்படி நடந்துகொள்வது, என்ன சைகை காட்டுவது என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். அது போர்க்கப்பலுக்குப் போர்க்கப்பல். போர்க்கப்பலுக்கும் மீன்படகுக்கும் நடுவே அப்படி ஒரு பக்கம் எழுதினால் குடிமுழுகிப் போகாது.

வேறு கடலில் செய்ததைப் பார்த்துச் செய்யலாம் என்றால் மலாக்கா நீரிணை இருக்கிறது. 2004-இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒருங்கிணைந்த ரோந்து ஆரம்பித்தன. யாரும் யார் கடலுக்குள்ளும் துரத்திக்கொண்டு போகக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். இறையாண்மையில் நம்மைவிடத் தொட்டாற்சிணுங்கிகள். ஆனால் அடுத்த வருஷம் விமான ரோந்து வந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். ஒரே விமானத்துக்குள் மற்ற நாட்டு அதிகாரிகளையும் உட்கார வைத்தார்கள். கீழே எது தெரிந்தாலும் அந்தந்த நாட்டுக்காரர் தன் ஆட்களுக்குத் தன் பாஷையில் சொல்லிக்கொள்ளலாம். 2005-இல் லண்டன் காப்பீட்டுச் சந்தை அந்த நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் போட்டது. 2006 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. விமானம்தான் காரணம் என்று சொல்ல நான் நிபுணன் இல்லை. நாற்காலியை மாற்றிப் போட்டால் நாடு பறிபோய்விடாது என்பது மட்டும் தெரிகிறது.

இரண்டு நாட்டுக் கடற்படைகளும் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கப்பலிலேயே கூடிப் பேசுவது உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஓர் இலங்கைக்காரர், இலங்கையின் வடகரையில் ஓர் இந்தியக்காரர். இரண்டு பேரும் தமிழ் தெரிந்தவர்களாக, ரேடியோ படித்தவர்களாக. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ராமநாதபுரத்திலும் கடல்புரத்துப் பிள்ளைகள் டிப்ளமோ முடித்துவிட்டுச் செல்போன் கடையில் நிற்கிறார்கள். கடல் ஆபத்து ரேடியோவுக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் சான்றிதழ் படிப்புக்கு அனுப்பினால் ஒரு வருஷத்தில் தயார். இந்திய மீனவர்களுக்கு இஸ்ரோ தருகிற புதிய ஆபத்து அறிவிப்புக் கருவியில் பட்டனை அமுக்கினால், செய்தி கிடைத்தது என்று திரும்பப் பதில் வருகிறது. பழைய கருவியில் அமுக்கிவிட்டு ஆண்டவனே என்று உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் செய்தி சென்னைக்குப் போகிற அதே நொடியில் கொழும்புக்கும் போகட்டும். படகு எந்தப் பக்கம் மிதந்து போகும் என்று பட்டனுக்குத் தெரியாது.

பெரிய விஷயங்களையும் நீங்கள் பேசத்தான் வேண்டும். 2022 ஆகஸ்டில் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றபோது இங்கே ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. கடலோரத்தில் சும்மா நின்றவனைக் கூட நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். எந்தக் கப்பல் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. ஆனால் இரண்டு நாட்டுக்கு நடுவில் சந்தேகம் ஏறுகிற ஒவ்வொரு முறையும் அது கடைசியில் வந்து விடிவது சின்னப் படகின் தலையில்தான். 2024-இல் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கையில் பிடிபட்டார்கள்.

கடைசியாக ஒரு சொந்த வேலை.

அந்த ஆடி இரவுக்குப் பிறகு நான் ஓர் அட்டை செய்தேன். ஏ4 அளவு, லேமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டு, படகு கேபினில் கட்டித் தொங்கவிட. இதுவரை முந்நூற்றுச் சொச்சம் கொடுத்திருக்கிறேன், காசு வாங்கவில்லை. அதில் நாற்பது வாசகம். முதல் பத்தியில் ரேடியோவில் ஆங்கிலத்தில் வருவதைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், இரண்டாம் பத்தியில் அதற்கு நம் பேச்சில் அர்த்தம். 'பொசிஷன் என்றால் நிற்கிற இடம், ஜிபிஎஸ் நம்பரைப் படி.' 'இன்டென்ஷன் என்றால் என்ன செய்யப் போகிறாய், எங்கே போகப் போகிறாய்.' 'பெர்சன்ஸ் ஆன் போர்ட் என்றால் எத்தனை பேர்.' 'டிரிஃப்டிங் என்றால் இன்ஜின் இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது, இதை நீதான் சொல்ல வேண்டும்.' பேசாலைக்காரர் கேட்ட அதே வரிசையில் கேள்விகளை அடுக்கியிருக்கிறேன். அவரைவிட நன்றாக எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் பத்திக்குத் தலைப்பு மட்டும் போட்டிருக்கிறேன்: சிங்களம். கீழே நாற்பது கட்டமும் காலி. தங்கச்சிமடத்தில் கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் சில வரி சொன்னார். ஆனால் அவர் சொன்னது கடைத்தெருச் சிங்களம், கப்பலில் அப்படித்தான் பேசுவார்களா என்று அவருக்கே சந்தேகம். தப்பாக எழுதிக் கொடுத்து, அதைப் படித்து ஒருவன் மாட்டிக்கொண்டால் அந்தப் பாவம் எனக்கு.

அந்தக் காலிப் பத்தியோடு அட்டையின் நகல் ஒன்றை இந்த மடலோடு உங்கள் செயலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ரேடியோ அறையில் உட்காருகிற ஒருவரிடம் கொடுத்து, அவர் நிஜமாகச் சொல்கிற வார்த்தைகளைக் கட்டத்தில் எழுதி, அப்படியே தமிழ் எழுத்தில் உச்சரிப்பையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அச்சுச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ராமேசுவரத்து ரேடியோ ரிப்பேர்காரன்